மர அளவு நோட்டில் பர்மியமும் போடோவும்

1

"ஜா, ஜா" என்றாள் பிஜுலி.

போன வருஷம் இதே ஆடி மாதம், மழை சற்றே விட்டிருந்த ஒரு மத்தியானம். அசாமில் பிரம்மபுத்திராவுக்கு வடகரையில், வண்டியோட்டி தனிராமின் வீட்டுக்கு நாங்கள் மூன்று பேர் வந்து சேர்ந்து ஒரு பொழுதுதான் ஆகியிருந்தது. நான், பர்மாக்காரியான என் அண்ணி மா மியா, அவளுடைய நாலு வயசுப் பெண் பாவாயி. பிஜுலி தனிராமின் மனைவி. எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே குந்தி உட்கார்ந்திருந்தாள்.

மா மியாவின் தட்டில் சோறும் ஒரு மீனும் அப்படியே இருந்தன. யுத்தத்துக்குப் பயந்து பர்மாவிலிருந்து நடந்து வந்தோம். எல்லையில் இருக்கும் தமு என்ற ஊரைத் தாண்டி இரண்டாம் நாள் என் அண்ணன் பழனி காய்ச்சலில் போனான். மூங்கில் குத்துக்கு அடியில் அவனைப் புதைத்துவிட்டு எழுந்த நேரத்திலிருந்து மா மியா வாயைத் திறக்கவில்லை. பேசவும் இல்லை, சரியாகத் தின்னவும் இல்லை. இருபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. பெற்ற பெண் மடியில் ஏறி முகத்தைத் திருப்பினாலும் பேச்சு இல்லை.

பிஜுலி தட்டை அவள் பக்கமாகத் தள்ளி மறுபடியும் "ஜா" என்றாள்.

மா மியா தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்துப் பர்மியத்தில் கேட்டாள். அவள் சொன்னதை எல்லாம் நான் நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன். எனக்குள் அது அப்படித்தான் கேட்கிறது.

"தம்பி, இவிய நம்ம பாசையா பேசறாங்க?"

பர்மியத்தில் "ஸா" என்றால் சாப்பிடு. பிஜுலி பேசியது போடோ மொழி. இவர்கள் வாயில் அது "போரோ" என்று வரும். இவர்களுக்கும் பர்மாவுக்கும் நடுவில் எத்தனை மலை, எத்தனை ஆறு என்று காலால் அளந்து வந்தவர்கள் நாங்கள். அத்தனையையும் தாண்டி அந்த ஒரு சொல் எங்களுக்கு முன்னாலேயே வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறது!

மா மியா மீனைப் பிட்டுப் பாதியைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுத் தானும் ஒரு கவளம் எடுத்தாள். அதைப் பார்த்து நான் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. அவள் அதை விழுங்குவதற்குள் பென்சில் தேடிக் குடிசைக்குள் ஓடிவிட்டேன். என் புத்தி அப்படி.

2

ஜலகண்டாபுரத்துக்கு மேற்கே ரெண்டு கல் தூரத்தில் எங்கள் வீடு. அப்பா மேட்டூர் அணை கட்டும்போது கல் வண்டி ஓட்டியவர். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகைக் கடை மாடியில் தங்கி நான் பத்தாவது வரை படித்தேன். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே பாடம் படித்தவனுக்கு பர்மாவில் எந்த நாற்றமும் புதிதாகத் தெரியவில்லை.

இந்த மொழிப் பைத்தியம் ஜலகண்டாபுரத்தில்தான் ஆரம்பித்தது. அங்கே தறிக்காரத் தெருவில் பாதிப் பேர் வீட்டுக்குள் கன்னடம் பேசுவார்கள். நமக்குப் பால், அவர்களுக்கு ஹாலு. நமக்குப் பல், அவர்களுக்கு ஹல்லு. நாம் போ என்றால் அவர்கள் ஹோகு. பத்து வயசில் இதைக் கண்டுபிடித்துவிட்டு, உலகத்திலேயே நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்ற நினைப்பில் அண்ணனிடம் ஓடினேன். அண்ணன் அப்போது தறிக்காரத் தெருப் பையன்களோடு கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தான்.

"நம்ம பானாவெல்லாம் அவியளுக்கு ஹானாண்ணா!"

"அப்படியா? அப்போ என்னைய ஹளனிம்பாங்களாடா?" என்றான் அண்ணன்.

அவ்வளவுதான். அந்தத் தெருவுக்கே அவன் ஹளனி ஆகிவிட்டான். "ஹளனி, ஆட்டத்துக்கு வாரியா?" என்று வாசலில் வந்து கத்துவார்கள். அம்மாவுக்கு எரிச்சல்: "சாமி பேர வெச்சா இவனுக அதையும் நெய்யறானுக."

அண்ணன் எனக்கு ஆறு வயசு மூத்தவன். முதலில் அவன் பர்மாவுக்குக் கப்பலேறினான். தௌங்கூ என்ற ஊரில் தேக்கு மர டிப்போவில் வேலை. மூன்று வருஷத்தில் மா மியாவைக் கல்யாணம் செய்துகொண்டு, பெண் பிறந்ததும் பாவாயி என்று நம் ஊர்ப் பேராக வைத்துவிட்டு எழுதினான். படிப்பு முடிந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னையும் கூப்பிட்டுக்கொண்டான். மரத்தின் நீளம், சுற்றளவு பார்த்து நோட்டில் பதிந்து முத்திரைச் சுத்தியலால் அடிப்பது என் வேலை. இங்கே அசாமிலும் அதே வேலைதான் பிழைக்க வழி செய்தது. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைக்கு யுத்த காலத்தில் ஓயாத தேவை. குத்தகைக்காரர், "மரம் அளக்கத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். என் கையில் நாடாவையும் சுத்தியலையும் கொடுத்து, தங்கிக்கொள்ளத் தனிராமின் வீட்டையும் காட்டிவிட்டார்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்று கூப்பிடுவோம். நான் போய் இறங்கிய முதல் நாளே அப்படிக் கூப்பிட்டேன். அதைத் தனக்கு நாங்கள் வைத்த தமிழ்ப் பேர் என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தாளாம். விஷயம் தெரிந்த பிறகும் அந்தப் பேர் நன்றாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டாள்.

3

மர அளவு நோட்டில் ஒரு பக்கத்துக்கு நாலு கட்டம் அச்சடித்திருக்கும்: எண், நீளம், சுற்றளவு, குறிப்பு. பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன். எண் கட்டத்தில் தமிழ், நீளத்தில் பர்மியம், சுற்றளவில் போடோ. குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அடடா, அந்த முதல் வாரம்! நம் அரிச்சுவடியில் ங என்ற எழுத்துக்கு வேலையே இல்லை; பர்மாவிலோ அதற்கு ஓய்வே கிடையாது. மீன் என்றாலும் ஙா, ஐந்து என்றாலும் ஙா, சிநேகிதனிடம் நான் என்று சொல்வதும் ஙா. கடைசியதில் மட்டும் குரல் கொஞ்சம் தணியும். போடோவில் மீனுக்கு நா. ஐந்துக்கு பா. நானுக்கு ஆங். ஒரே அச்சில் மூன்று நாணயம் அடித்தவன் பர்மாக்காரன். இவர்கள் மூன்றுக்கும் தனித்தனி அச்சு வைத்திருக்கிறார்கள். மூன்றுக்கு அங்கே தோங், இங்கே தாம். சாவுக்கு அங்கே தே, இங்கே தொய். இரத்தத்துக்கு அங்கே த்வே, இங்கே அதுவும் தொய்தான், குரலில்தான் வித்தியாசம். தண்ணீருக்கும் இவர்கள் ஒரு தொய் வைத்திருக்கிறார்கள், முதல் எழுத்து கொஞ்சம் கனத்து வரும். நம் எழுத்தில் சாவு, இரத்தம், தண்ணீர் மூன்றும் ஒன்றுபோலவே விழுந்தன. பக்கத்தில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி வைத்துப் பிரித்தேன்.

அப்பாவுக்கு அங்கே அஃபே, இங்கே ஆஃபா. துள்ளிக் குதித்து எழுதிவிட்டேன். மறுநாள் யோசித்தால் நாமும் அப்பா என்றுதானே சொல்கிறோம்? குழந்தை வாய்க்கு வருவது அதுதான். அதை வைத்துச் சொந்தம் கொண்டாடினால் உலகமே ஒரு வீடாகிவிடும். அடித்துவிட்டேன். நெருப்பு அங்கே மீ, இங்கே ஒர். வீடு அங்கே எய்ன், இங்கே நோ. ஒத்துவராததையும் மறைக்காமல் எழுதினேன்.

எனக்கு மிகவும் பிடித்தது எண்ணும் முறை. இரண்டு மொழியிலும் ஆளை எண்ண ஒரு சொல், ஆடு மாட்டை எண்ண வேறு சொல் உண்டு. நாமும் மூவர் என்று ஆளுக்குச் சொல்வோம், மாட்டுக்குச் சொல்ல மாட்டோம் இல்லையா, அதுபோல. ஆனால் பர்மாக்காரர் எண்ணை முதலில் சொல்லி ஆள் சொல்லை அப்புறம் சேர்ப்பார்: தோங் யௌக். போடோவில் ஆள் சொல் முன்னால், எண் பின்னால்: ஸா தாம். ஒரே சட்டையை ஒருவன் நேராகவும் ஒருவன் திருப்பியும் போட்டதுபோல.

தனிராம் மர வண்டியை நிறுத்தியதும் நான் நோட்டோடு போய் நிற்பேன். அரைகுறை அசாமியும் இந்துஸ்தானியும் கலந்து பேசிக்கொள்வோம். அவன் என்னைக் கட்டை பாபு என்பான்.

"ஏய், கட்டை பாபு வந்துட்டான், வாயை மூடுங்கடா! நேத்து பல்லுக்கு என்னன்னு கேட்டே. இன்னைக்கு நாக்கா? நாளைக்கு உள்ளே கையை விட்டு ஈரலுக்கு என்ன பேருன்னு கேப்பியா?"

"ஈரலுக்கு என்ன பேரு தனிராம்?"

மற்ற வண்டிக்காரர்கள் சிரித்த சிரிப்பில் மாடே மிரண்டது.

வீட்டில் மா மியா கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். ஒருநாள் பிஜுலி அடுப்புக்கு மேலே கட்டியிருந்த மூங்கில் குழாயின் அடைப்பைத் திறந்தாள். காய்ந்த மீனை இடித்து அடைத்து மாதக்கணக்கில் ஊறப்போட்டது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மா மியா உள்ளே ஓடினாள். பர்மாவில் அவர்களுக்கு ஙாப்பி இல்லாமல் சோறு இறங்காது; அதே நெடி. குழாயை வாங்கி மோந்து பார்த்து, "எங்கம்மா ஊட்டுக்குள்ள நொழஞ்சாப்பல இருக்குது தம்பி" என்றாள். இரண்டு பெண்களும் சேர்ந்து அம்மியில் மிளகாய் வைத்து அரைத்தார்கள். பேச்சே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் ஒன்று விடாமல் அப்பாவுக்கு எழுதினேன். நங்கையின் மொழியும் இவர்கள் மொழியும் அக்கா தங்கை என்று எழுதினேன். முகஜாடைகூட ஒன்றுதான் என்று எழுதினேன். எழுதிய கையை அப்புறம் நொந்துகொண்டேன்.

4

முகஜாடை விஷயத்தில், இங்கே வருமுன் அகதி முகாமிலேயே சூடுபட்டிருக்கிறேன். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு அரிசி கொடுக்கும் வரிசையில் நின்றோம். எழுத்தர் எனக்குக் கொடுத்தார், பாவாயிக்குக் கொடுத்தார். மா மியாவைப் பார்த்ததும் கையை வீசி, "உள்ளூர் ஆள் எல்லாம் இந்த வரிசையில் நிற்கக்கூடாது, போ போ" என்றார். அறுநூறு மைல் நடந்து வந்தவளை அவள் நின்ற இடத்திலேயே உள்ளூர்க்காரி ஆக்கிவிட்டார்.

ஊருக்குப் போக ரயில் பாஸ் கேட்டபோது இது தலைகீழாக மாறியது. பாஸ் கொடுக்கும் ஆபீசில் பெரிய தாள் ஒன்று கொடுத்தார்கள். பிறந்த ஊர், தாய்மொழி, கூட வருபவர் என்ன உறவு. எனக்குப் பிரச்சினை இல்லை. பாவாயி அண்ணன் மகள், பிரச்சினை இல்லை. மா மியா பர்மாவில் பிறந்தவள், அதனால் மாதாமாதம் போலீஸ் தாணாவில் போய் முகம் காட்ட வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் கல்யாணத்துக்கு அத்தாட்சி வேண்டும்.

"காகிதம் எங்கே?"

காகிதம் ஏது? தௌங்கூவில் அவள் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் இருவரும் ஒரே தட்டில் கைவைத்துச் சோறு தின்றார்கள். அவர்கள் வழக்கத்தில் கல்யாணம் என்பது அதுதான். நான் இதைச் சொன்னதும் ஆபீசர், "அப்படிப் பார்த்தால் நானும் ஹோட்டலில் எத்தனையோ பேரோடு..." என்று ஆரம்பித்தார். மா மியாவுக்கு அவர் பேச்சு புரியவில்லை, நல்லவேளை.

ஆக, சித்தப்பனும் மகளுமாக நானும் குழந்தையும் எந்நேரமும் புறப்படலாம். தாய்தான் போக முடியாது. இந்த நிலையில்தான் அப்பாவின் கடிதம் வந்தது. அப்பாவுக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்லத் தறிக்காரர் ஒருவர் எழுதுவார், ஒரு வார்த்தையை மாற்ற மாட்டார்.

"சாமி, கொளந்தையக் கூட்டிக்கிட்டு வந்துரு. உங்கம்மா தெனமும் ரோட்டயே பாத்துக்கிட்டிருக்கறா. அந்தப் புள்ள மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா இங்க வந்து அது யாருகிட்டப் பேசும்? ஊட்டுக்குள்ள செவுத்தப் பாத்துக்கிட்டு உக்கோந்திருக்கோணுமா? அந்த ஊருச் சனத்துப் பாசையும் அதோட பாசையும் அக்கா தங்கச்சின்னு நீதான எளுதியிருக்கற? மொகமும் ஒண்ணாட்டமே இருக்குதுங்கற. அப்பறம் என்ன, அது அதுகளோடவே இருக்கட்டும். அதுதான் அதுக்கும் நல்லது."

இதை மா மியாவிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவளை விட்டுவிட்டு அவள் பெண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதற்கு என் நோட்டே சாட்சி ஆகிவிட்டது.

பாவாயியோ எங்கள் யார் கணக்கிலும் சேராமல் போய்க்கொண்டிருந்தாள். பிஜுலியின் பெண்களோடு நாள் முழுக்க வாய்க்காலில் மீன் தேடுவாள். மீனுக்கு நா என்றாள். தாய் ஙா என்று திருத்தினால், "நீ சொல்றது தப்பு" என்று போடோவிலேயே சொல்வாள். தமிழில் அவளுக்கு மீந்திருந்தது "போடா" ஒன்றுதான். அதையும் என்னிடம்தான் பிரயோகித்தாள்.

5

இந்த வருஷம் ஆடிப் பதினெட்டு அன்று காலையில் எழுந்தபோதே மனசு மேட்டூரில் இருந்தது. காவிரி கரைதட்டிப் போகும். வண்டி கட்டிக்கொண்டு போய்க் குளித்துவிட்டு, அம்மா கட்டிய சித்திரான்ன மூட்டையைப் பிரித்து, மணலில் உட்கார்ந்து தின்போம். பெண்கள் தலைமுடியை உதறிக்கொண்டே பேசுவார்கள். பக்கத்துக் காட்டுக் கள்ளி வேலி முழுக்கச் சேலையும் வேட்டியுமாகக் காயும்.

இங்கேயும் பத்து நாளைக்குப் பிறகு அன்று வெயில் அடித்தது. டிப்போவுக்கு லீவு. உற்சாகத்தில் வீட்டுத் துணி அத்தனையையும் வாரிக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்த் துவைத்தேன். மா மியாவின் துணியையும்தான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்புவானேன் என்று. பிழிந்துகொண்டு வந்து முற்றத்தில் பார்த்தால், நம் சதுரக்கள்ளி மாதிரியே ஒரு கள்ளி, சுற்றிலும் இடுப்பளவு மூங்கில் பிளாச்சு வேலி, நல்ல வெயில். இதைவிட என்ன வேண்டும்? முதலில் கள்ளிமேல் என் வேட்டி. அதன்மேல் மா மியா இடுப்பில் கட்டும் தமேங் துணிகள் இரண்டு. விரித்துப் போட்டு நாலு மூலையையும் இழுத்துவிட்டு, திருப்தியாக நின்று பார்த்தேன்.

பின்னால் ஒரு அலறல். பிஜுலி.

ஒரு வருஷமாக அந்தக் கள்ளியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது அவர்கள் குலசாமி என்று எனக்குத் தெரியாது. அந்தச் செடிதான் அவர்களுக்குக் கோயில். அந்தப் பிளாச்சு வேலிதான் மதில். அதற்கு முன்னால் அவர்கள் விழுந்து கும்பிட்டதை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அந்நேரமெல்லாம் நான் டிப்போவில் பல்லுக்கும் நாக்குக்கும் பேர் எழுதிக்கொண்டிருந்தேன். நோட்டில் கள்ளிக்குப் பேர்கூட உண்டு: சிஜௌ. எதற்கு நட்டிருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. ஊரெல்லாம் கள்ளி வேலியில் துணி உலர்த்தி வளர்ந்தவனுக்குக் கள்ளி என்றால் துணி காயப்போடும் இடம்தானே!

தனிராம் ஓடிவந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லாமல் அன்றுதான் பார்த்தேன். "யாரு போட்டது?" என்றான். நான் வாய் திறப்பதற்குள் குடிசையிலிருந்து மா மியா வந்தாள். ஒரு கணம் பார்த்தாள். நேராகப் போய்த் துணிகளைச் சுருட்டி எடுத்து எங்கோ தூர வைத்துவிட்டு வந்து, வேலிக்கு வெளியே மண்ணில் முழங்காலும் முழங்கையும் நெற்றியும் பட விழுந்தாள். மூன்று தரம். எழுந்து பிஜுலியின் பக்கம் திரும்பி மறுபடியும் விழப் போனாள். பிஜுலி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நான் நோட்டைப் புரட்டிக்கொண்டு நின்றேன். உண்மை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதற்குச் சொல் தேடினேன். அத்தனை பக்கத்திலும் இல்லை.

சாயங்காலம் ஊர்ப் பெரியவர் வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். வேலியைப் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும், இடத்தை மெழுக வேண்டும், வெற்றிலையும் பாக்கும் ஜோடியாக வைத்து சாமியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார். பிளாச்சு பதினெட்டு ஜோடி. நானே பிளந்தேன். மரத்தைச் சுத்தியலால் அடிக்கத் தெரிந்தவனுக்கு மூங்கில் பிளக்க வரவில்லை, கையெல்லாம் சிராய். தனிராம் பக்கத்தில் உட்கார்ந்து, "இதையும் நோட்டில் எழுதிக்கோ பாபு" என்றான். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பெரியவர் போகுமுன் கேட்டார்: "இந்தப் பொண்ணு யாரு உனக்கு?"

நான் சொல்வதற்குள் பிஜுலி சொன்னாள்: "இவன் அண்ணன் பெண்சாதி. அந்தக் கொளந்தை இவளோடது. ஒரு வருஷமா என் அடுப்புல சமைக்கறா. நான் சாட்சி சொல்றேன்."

6

மறுநாள் மா மியா பழைய பிளாச்சுகளைக் கட்டிவைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய், "உங்களுக்கு எப்படிங்க நங்கை தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எங்கூர்ல பொம்பள இடுப்புத் துணிய ஆம்பள தலைக்கு மேல, சாமி பக்கத்துல போட மாட்டோம். அவ கத்துன கத்துலயே தெரிஞ்சுபோச்சு." அப்புறம் சிரித்தாள். "உங்கண்ணன் என்ன பண்ணுனார் தெரியுமா? கட்டி ஒரு மாசம். எனக்கு ஒத்தாசையாமா. என் துணியத் தொவச்சு வாசப்படிக்கு மேல கயிறு கட்டிப் போட்டுட்டார். எங்கப்பா அதுக்குக் கீழ நொழஞ்சு வந்தவர், நிமிந்து பாத்தார். வந்த வழியே போனவர் பத்து நாளு ஊட்டுக்கு வரல!"

"அண்ணன் எனக்குச் சொல்லவே இல்லையே."

"எப்படிச் சொல்லுவார்? வெக்கம். அண்ணனும் தம்பியும் ஒரே தப்பப் பண்றீங்க, உங்கூர்ல எல்லாருமே இப்படித்தானா?"

அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது. அப்பாவின் கடிதத்தை எடுத்துப் பர்மியத்தில் மாற்றிப் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை விடவில்லை. அவள் பிளாச்சுக் கட்டின் மேல் கைவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா கேக்கறது ஞாயந்தான்" என்றாள். "ஆனா உன் நோட்டுல எத்தனை வார்த்தை ஒண்ணா இருக்குது?"

இருநூறுக்கு மேல் எழுதியதில் நாற்பது தேறும் என்றேன்.

"அதுல நான் பிஜுலிகிட்ட என்ன பேசலாம்? மீன். தின்னு. மூணு. செத்துப்போனார்னு சொல்லலாம். யாருன்னு சொல்ல முடியாது."

நான் கடிதத்தை மடித்து வைத்தேன்.

"உங்கண்ணன் தூக்கத்துல சில நாளு சிரிப்பார். சிரிச்சுக்கிட்டே ஹளனி, ஹளனிம்பார். காலைல கேட்டா மழுப்புவார். அது யாரு தம்பி? வேற பொம்பளையா?"

கிட்டிப்புள்ளையும் தறிக்காரத் தெருவையும் என் பானா ஹானாவையும் அம்மாவின் எரிச்சலையும் சொன்னேன். அண்ணன் போன பிறகு அவனைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியது அன்றுதான் முதல் தரம். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, மூங்கில் குத்தடியில் அழாத அழுகையை அழுதாள். பாவாயி ஓடிவந்து தாயையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு என்னிடம் "போடா" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து மா மியா சொன்னாள்: "பிஜுலி தங்கமானவ. அவகிட்டச் சோறு திங்கலாம், அரைக்கலாம், சிரிக்கலாம். ஆனா இந்தக் கதை அவகிட்ட இல்ல. எங்கூர்லயும் இல்ல. உங்கூர்லதான இருக்குது? யாருகிட்டப் பேசும்னு கேட்டிருக்கறார் உங்கப்பா. அவருகிட்டத்தான் பேசோணும்னு எளுது."

எழுதிவிட்டேன். ஆனால் நங்கையின் சொல் ஊர் முழுக்கத் தெரிய வேண்டும் என்பதால் இங்கே பத்திரிகையிலும் எழுதுகிறேன். ஜலகண்டாபுரத்தில் யாராவது இதை எங்கள் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினால் புண்ணியம். அக்கா தங்கை என்று நான் எழுதியது பொய்யில்லை. ஸாவும் ஜாவும் ஒரு வயிற்றில் பிறந்தவை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் இரண்டு மொழி சொந்தம் என்பதால் ஒரு மனுஷி அங்கே தங்கிவிட முடியும் என்று நான் எழுதவில்லை. எழுதியதுபோல் பட்டிருந்தால், அது மரத்தை அளந்துவிட்டு நிழலைப் பதிந்த கதை.

இனிமேல் செய்யப்போவது இது. நாளைக் காலையில் ஊர்ப் பெரியவரின் கைநாட்டோடு ஒரு தாளை எடுத்துக்கொண்டு பாஸ் ஆபீசுக்குப் போகிறேன். இந்தப் பெண் இன்னாருடைய மனைவி, எங்கள் ஊரில் ஒரு வருஷம் குடும்பமாக இருந்தாள் என்று அதில் தனிராமும் பிஜுலியும் சொல்லியிருக்கிறார்கள். எடுபடுமோ, எடுபடாதோ. எடுபடாவிட்டால் மறுபடியும் போவேன். பாவாயியைத் தனியாகக் கூட்டிவரப் போவதில்லை, அம்மா அதை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். நங்கை வந்தால் அவள் துணியை அவளே காயப்போடட்டும். ஒத்தாசை என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

காலியாக இருந்த குறிப்புக் கட்டத்தை இன்று திறந்தோம். அதில் சொல் எழுத வேண்டாம் என்றாள் மா மியா. அம்மாவிடமும் அப்பாவிடமும் கேட்க வேண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள், நான் தமிழில் எழுதிக்கொண்டு வருகிறேன். பக்கம் நிறைந்ததும் அனுப்புவேன். முதல் கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை, அதனால் அதை மட்டும் இப்போதே கேட்டுவிடுகிறேன்:

அண்ணனுடைய இடது கணுக்காலில் பிறைபோல ஒரு தழும்பு இருந்ததே, அது எப்படி வந்தது?